படத்தில் இருப்பவரிடம் நாங்கள் கேட்காதது

கண்டியிலிருந்து மகியங்கனை போகும் ஏ26 வீதியில் திகன, தெல்தெனிய, மெதமகநுவர தாண்டி ஏறினால் ஹுன்னஸ்கிரிய. அங்கே இடப்பக்கம் பிரியும் ஒடுங்கிய பாதை லூல்வத்தை, கோபெட்ஸ் கெப் வழியாக மீமுரேக்கு இறங்குகிறது. கண்டிப் பக்கமிருந்து நக்கிள்ஸ் மலையைப் படம் எடுக்கப் போகிற எங்களில் பலர் அந்தச் சந்தியில் இறங்கித் தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் மேலே போவோம். மூடுபனி, தேயிலை, கொழுந்து எடுக்கும் பெண்கள், லயத்து வாசலில் நிற்கும் பிள்ளைகள் என்று எங்கள் கெமராக்களை நிரப்பியது இந்தச் சுற்றுவட்டாரம்தான்.

எங்கள் என்று நான் சொல்வது, கண்டியிலும் அதைச் சுற்றிய மலைகளிலும் படம் எடுக்கிற தமிழர்களை. கலியாண வீட்டுக்கு எடுப்பவர்கள் சிலர், பத்திரிகைக்கு எடுப்பவர்கள் சிலர், ஆசைக்கு எடுப்பவர்களே அதிகம். எடுத்ததை ஒருவருக்கொருவர் காட்டுகிறோம், குறைநிறை சொல்கிறோம். அப்படிச் சொல்வதற்கென்று ஓர் ஒழுங்கை நாங்கள் வகுத்துக்கொண்டதில்லை. கலைக்கு எதற்குச் சட்டம் என்று பேசிச் சமாளித்தோம். உண்மையில், ஒழுங்கு என்று உட்கார்ந்தால் சில கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். அந்தக் கேள்விகளைத்தான் இத்தனை காலமும் தள்ளிப்போட்டோம்.

கூடை சுமந்த ஓர் அம்மாவின் படம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பேச்சு இப்படிப் போகும். வானம் எரிஞ்சு போச்சு. வலப்பக்கம் கொஞ்சம் வெட்டலாம். கண்ணில் போகஸ் விழவில்லை. கறுப்பு வெள்ளையாக்கிப் பார், சுருக்கமெல்லாம் நல்லா எழும்பும். அவர் முகத்துச் சுருக்கத்தைத்தான் சொல்கிறோம். எத்தனை பேர் கருத்துச் சொன்னாலும் அந்த அம்மா யார், எந்தத் தோட்டம், எடுக்கலாமா என்று கேட்டாயா, எடுத்ததை அவருக்குக் காட்டினாயா என்று ஒருவரும் கேட்டதில்லை. இந்தக் கேள்விகள் விமர்சனத்தைச் சேர்ந்தவை என்றே எங்களுக்குத் தோன்றியதில்லை. ஒளி, கோணம், சட்டகம் ஆகியவை விமர்சனம். மற்றதெல்லாம் அவரவர் மனச்சாட்சி என்று பிரித்து வைத்திருந்தோம். அந்தப் பிரிப்பு எங்களுக்கு மிகவும் வசதியாக இருந்தது.

பல தோட்டங்களில் இப்போது பிரம்புக் கூடைக்குப் பதிலாக நைலோன் பைதான். ஆனால் எங்களுக்குக் கூடை வேண்டும். யாரோ எங்கிருந்தோ ஒரு கூடையைக் கொண்டுவந்து மாட்டச் சொல்கிறார். படங்கை அவிழ்த்துவிட்டு நிற்கச் சொல்கிறார், சேலை நிறம் தெரிய வேண்டுமாம். கொழுந்து எடுப்பவருக்கோ நிறுவைக்கு முன்னால் தோட்டம் குறித்த கிலோ வர வேண்டும். வராவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். "அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, இன்னொருக்கா சிரிங்க" என்று நிரையில் நிறுத்தி வைத்த நேரம் யாருடைய கணக்கில் கழிந்தது? அப்படி எடுத்த படங்களைப் பார்த்து இயல்பாக வந்திருக்கிறது என்று பாராட்டினோம்.

நாங்கள் நடந்தது பழைய தடம். 1870களில் சார்ள்ஸ் ஸ்கோவன் கண்டியில் படக்கூடம் வைத்திருந்தார். ஸ்கீன் கம்பனியும் பின்னால் வந்த பிளாட்டே கம்பனியும் தோட்டப் படங்களைத் துரைமாருக்கும் கப்பலில் வந்த பயணிகளுக்கும் விற்றன. அவற்றின் கீழே தமிழ்ப் பெண், கூலிகள், கொழுந்து பறிப்போர் என்ற அளவில் எழுதியிருக்கும். ஜூலியா மார்கரெட் கமெரூன் 1875இல் இலங்கைக்கு வந்தார். கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1879இல் இந்த மலைநாட்டிலேயே இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம். இங்கிலாந்தில் அவர் எடுத்த டெனிசனுக்கும் டார்வினுக்கும் ஹேர்ஷலுக்கும் பெயர் இருக்கிறது. இலங்கையில் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள் குழு'. ஒளியை அவர் போலக் கையாண்டவர்கள் அன்று அதிகம் இல்லை. அந்த ஒளியில் நின்றவர்கள் யார் என்று அந்தத் தலைப்பு சொல்லவில்லை.

இதையெல்லாம் நாங்கள் படித்திருக்கிறோம், மேடையில் பேசியும் இருக்கிறோம். வெள்ளைக்காரன் எங்கள் ஆட்களின் பெயரை எழுதவில்லை என்று கோபப்பட்டோம். பிறகு எங்கள் படங்களின் கீழே என்ன எழுதினோம்? உழைப்பின் முகம். மலையகத்தின் கண்ணீர். தேயிலைத் தாய். ஸ்கோவனுக்கு அந்தப் பெண்ணோடு பேச மொழி இல்லாமல் இருந்திருக்கலாம். எங்களுக்கு மொழி இருந்தது, பலருக்கு உறவும் இருந்தது. அத்தை முறையாகும், அம்மாச்சி முறையாகும். அப்படியிருந்தும் கேட்கவில்லை என்றால் எங்கள் குற்றம் அவனுடையதைவிடப் பெரியது என்றே நினைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழக்கம் எங்கள் வீடுகளிலேயே இருந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று மலையகத் தமிழரை எண்ணிப் பிரித்தார்கள். மிச்சம் விட்ட 150,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பங்கிட்டார்கள். கடவுச்சீட்டுக்காகப் படம் எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனவர்கள், பிரிவதற்கு முன் குடும்பமாகவும் ஒன்று எடுத்துக்கொண்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறிப் போனவரிடம் ஒரு பிரதி, இங்கே தங்கியவரிடம் ஒரு பிரதி. எழுதிய திரை, நாற்காலி, பூச்சாடி, முறைப்பாக நிற்கும் தாத்தா. படத்தைத் திருப்பினால் மையில் எல்லாருடைய பெயரும் இருக்கும், தேதியும் இருக்கும்.

அந்தப் படங்களின் முதல் விமர்சகர்கள் படத்தில் இருந்தவர்களே. சின்னவன் கண்ணை மூடிட்டான், இன்னொன்று எடுங்கையா என்றார்கள். ஆத்தாவை நடுவில் உட்கார வை என்றார்கள். கழுவி வந்த படம் பிடிக்காவிட்டால் காசு தர மாட்டோம் என்று நின்றார்கள். ஸ்டூடியோக்காரர் முகம் சுளித்தாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும். கெமரா மலிந்து எல்லார் கைக்கும் வந்தபோது, அந்த அதிகாரத்தை அவர்களிடமிருந்து எடுத்து எங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டோம். எடுத்தவரும் பார்ப்பவரும் மட்டும் பேசுகிற சபையாக விமர்சனம் சுருங்கியது. எங்கள் அலட்சியத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

ஷர்பத் குலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1984இல் பெஷாவருக்கு அருகே அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி அவரைப் படம் எடுத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் நேஷனல் ஜியோகிரபிக் அட்டையில் வந்தது. அந்தக் கண்களின் பச்சை, துணியின் சிவப்பு, பின்புலத்தின் நிறம் என்று உலகமே பாடம் நடத்தியது; நாங்களும் நடத்தினோம், புதிதாக வருபவர்களுக்கு இதைப் போல எடுக்கப் பழகு என்று சொன்னோம். 2002இல் அவரைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அவர் பெயர் வெளியே தெரிந்தது. அவர் அந்தப் படத்தை முதல்முறை பார்த்ததும் அப்போதுதான். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் அந்தப் படத்தைப் பற்றி வாய் திறக்க வழியில்லாதவர் அவர் ஒருவரே.

அலட்சியம் படத்தில் இருப்பவரோடு நிற்கவில்லை. எங்களில் இளையவர்களையும் நாங்கள் கைவிட்டோம். தோட்டத்துப் பிள்ளை ஒன்று கைபேசியில் எடுத்து, கூச்சத்தோடு ஒரு படத்தை நீட்டும். சூப்பர், அருமை, வாழ்த்துக்கள் என்று மூன்று சொல்லோடு அனுப்பிவிடுவோம். அன்பு என்று எங்களை நாங்களே நம்பவைத்தோம். லயத்திலிருந்து வந்த பிள்ளை இவ்வளவு எடுத்ததே பெரிசு என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருந்தது. நகரத்துக் கல்லூரியில் படிக்கும் பிள்ளையின் படத்தை ஒரு மணி நேரம் அலசினோம், ஏன் குனிந்து எடுக்கவில்லை, ஏன் காத்திருக்கவில்லை என்று உரிமையோடு திட்டினோம். அந்தத் திட்டில் நீ இதைவிட நன்றாக எடுப்பாய் என்ற நம்பிக்கை இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த நம்பிக்கையைத் தர எங்களுக்கு மனம் வரவில்லை. ஆறு மாதத்தில் அந்தப் பிள்ளை படம் காட்டுவதை நிறுத்திவிட்டால், ஆர்வம் குறைந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டோம்.

பெண்களுக்கு இன்னொரு விதம். அவர்கள் எடுத்த மலையைப் பற்றி யாரும் பேசவில்லை, தனியாகவா போனீர்கள் என்று கேட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் தடுக்கவில்லை. எவராவது தடுத்திருந்தால் இன்றைக்கு எங்களோடு இன்னும் சில பெண்கள் இருந்திருப்பார்கள்.

அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லேர்மன் 1990 அளவில் விமர்சனத்துக்கென்று ஒரு முறை வகுத்தார். முதலில் பார்ப்பவர்கள் தங்களைத் தொட்டது எது என்று சொல்ல வேண்டும். அடுத்து, படைத்தவர் தனக்குத் தெரிய வேண்டியதைக் கேட்க வேண்டும். பின்பு பார்ப்பவர்கள் உள்ளே தீர்ப்பை ஒளித்து வைக்காத கேள்விகளைக் கேட்கலாம். கடைசியில்தான் அபிப்பிராயம், அதுவும் சொல்லலாமா என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகு. நடனத்துக்கென்று பிறந்தது, பல கலைகளுக்கும் பரவியது. எங்களுக்கும் மிகவும் பொருந்தும். ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டால் போதாது, ஏனெனில் மேடையில் ஆடுபவர் அந்த அறையிலேயே இருக்கிறார். எங்கள் படத்தில் இருக்கும் அம்மா அந்த நேரம் மலையில் நிற்கிறார்.

ஆகவே நாங்கள் இப்போது எழுதத் தொடங்கியிருக்கும் ஒழுங்கில் அவருக்குத்தான் முதலிடம். ஆளின் முகம் தெரியும் படத்தை விமர்சனத்துக்கு வைப்பவர், அவர் சம்மதித்தாரா, படத்தைப் பார்த்தாரா, பார்த்து என்ன சொன்னார் என்று மூன்று வரி எழுத வேண்டும். கறுப்பா தெரியுறேன், வேணாம் என்று அவர் சொல்லியிருந்தால் அதுவும் விமர்சனம்தான். எங்களுடையதற்கு முன்னால் வர வேண்டிய விமர்சனம். அவர் விரும்பினால் பெயர், விரும்பாவிட்டால் பெயர் வேண்டாம். பெயர் போடுவதால் துரையிடமோ கணக்கப்பிள்ளையிடமோ அவருக்குக் கரைச்சல் வருமா என்று யோசிப்பது எடுத்தவரின் பொறுப்பு. பிள்ளைகள் என்றால் தாய் தகப்பனைக் கேட்காமல் கெமராவைத் தூக்கக் கூடாது. லயத்து அறைக்குள் அழைக்காமல் நுழையக் கூடாது. பத்தடி காம்பராவில் கொடியில் தொங்கும் துணிகூட ஒரு குடும்பத்தின் அந்தரங்கம்.

எங்களுக்குள்ளான பேச்சுக்கும் வரம்பு எழுதியிருக்கிறோம். கேட்டவருக்கு மட்டும் விமர்சனம். எதைப் பற்றிக் கேட்கிறார் என்று அவர் முதலில் சொல்ல வேண்டும். வெறும் அருமை கூடாது. பிடித்தது எது என்று காட்ட வேண்டும். அடுத்தவர் படத்தைத் தன் கைபேசியில் வெட்டித் திருத்தி, இப்படிச் செய்திருக்க வேண்டும் என்று திருப்பிப் போடுகிற பழக்கம் எங்களிடம் நிறைய உண்டு. அது அனுமதியில்லாமல் இனி இல்லை.

காட்டுக்குள் எடுக்கும் படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். மூக்கின் நுனியில் இலை போல ஒன்று நீண்டிருக்கும் ஓணான் நக்கிள்ஸ் மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. 2006இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட கொபோட்டிஸ் தும்பரா என்ற சிறிய ஓணானும் அப்படியே. 2019இல் இரண்டையும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் சேர்த்தார்கள், காரணம் செல்லப் பிராணிச் சந்தைக்காக இவற்றைக் கடத்துகிறார்கள். நாங்களோ டீன்ஸ்டனுக்கு மேலே இன்ன வளைவில், இன்ன மரத்தில் என்று வழி எழுதிப் படம் போட்டோம். பாசி படிந்த கிளை அழகாக இருக்கும் என்று பிடித்து இடம் மாற்றி வைத்து எடுத்தவர்களும் உண்டு. அந்தப் படங்களைப் பார்த்துக் கூர்மையைப் புகழ்ந்தோம், ஓணான் எப்படி அந்தக் கிளைக்கு வந்தது என்று கேட்கவில்லை. இனி இடம் எழுதிய படத்துக்கு விமர்சனமே கிடையாது.

எல்லாவற்றிலும் உடன்பட்டுவிட்டோம் என்று சொல்ல முடியாது. பழைய படங்களை என்ன செய்வது என்பதில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. கேட்காமல் எடுத்தவை, பரிசு வாங்கியவை, நாட்காட்டியில் வந்தவை, 2023இல் மலையகம் 200 என்று ஊரெல்லாம் பேசியபோது திரும்பத் திரும்பப் பகிர்ந்தவை என்று அவை ஏராளம். ஒழுங்கு இன்று முதல்தான், முன்னால் நடந்ததை விட்டுவிடுவோம் என்கிறார்கள் சிலர். அது நியாயமாக எனக்குப் படவில்லை. ஹுன்னஸ்கிரியவைச் சுற்றி எடுத்தவற்றையாவது கண்டியில் கழுவி, காகிதப் பிரதியாக எடுத்துப்போய், படத்தில் இருப்பவர்கள் கையிலோ அவர்களுடைய பிள்ளைகள் கையிலோ கொடுக்க வேண்டும். வேலை முடிந்து லயத்துக்குத் திரும்பியிருக்கும் நேரம் பார்த்துப் போக வேண்டும், நிரையில் நிறுத்தி வைத்து அல்ல. அவர்கள் வேண்டாம் என்று சொல்கிற படம் என்ன பரிசு வாங்கியிருந்தாலும் எங்கள் தொகுப்பிலிருந்து எடுபட வேண்டும். தலைப்பை மாற்றச் சொன்னால் அவர்கள் சொல்லும் தலைப்பைத்தான் போட வேண்டும். இதற்கு இணங்காதவர்கள் எங்களோடு இருக்கலாமா என்ற கேள்வியையும் அடுத்த முறை கூடும்போது எடுக்கத்தான் போகிறேன். நான் இருக்கக் கூடாது என்ற பக்கம்.