சாட்சி ஒருவர் போதும்



இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில் பங்கு அலுவலகத்திற்கு ஒரு தந்தை வந்தார். மகளின் திருமணத்திற்கு மூன்று வாரமே எஞ்சியிருந்தது. அவளோ 1998-ல் வேறோர் ஊரில் திருமுழுக்குப் பெற்றவள். அவ்வூர்ப் பதிவேட்டில் அந்த ஆண்டின் ஏடுகளைக் கறையான் தின்றுவிட்டது. வீட்டிலும் சான்றிதழ் இல்லை. ஆனால் தந்தை கலங்கவில்லை. நோட்டரி வழக்கறிஞர் முன்னிலையில் தாம் சத்தியம் செய்து கையொப்பமிட்ட முத்திரைத்தாளை மேசைமீது விரித்தார். “இனி ஓலை வாசித்துவிடலாம் அல்லவா, சாமி?” என்றார்.

“திருமுழுக்கு நடந்த அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள்?” என்று கேட்டேன்.

“மும்பையில் வேலையில் இருந்தேன், சாமி. வீட்டில் கடிதம் எழுதினாள்.” கடிதம் எழுதிய அந்த அம்மாள் இறைவனடி சேர்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

நோட்டரியின் முத்திரை, கையொப்பமிட்டவர் இன்னார் என்பதற்கும் அவர் ஆணையிட்டார் என்பதற்குமே சான்று. அவர் காணாததைக் கண்டதாக அது ஆக்கிவிடாது.

இத்தகைய இக்கட்டிற்குத் திருச்சபை எளிய வழியொன்றை வைத்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 876-ஆம் சட்டம் கூறுவது இது: வேறு எவருக்கும் பாதகம் விளையாதெனில், ஐயத்திற்கு இடமில்லாத ஒரே ஒரு சாட்சியின் வாக்குமூலம் திருமுழுக்கை மெய்ப்பிக்கப் போதும். வயது வந்தபின் திருமுழுக்குப் பெற்றவராயின் அவருடைய சொந்த ஆணையே போதும். முத்திரைத்தாளும் வேண்டாம், வழக்கறிஞரும் வேண்டாம். பங்குத் தந்தையின் முன் நற்செய்தி நூலின்மீது கைவைத்துச் சத்தியம் செய்து, தாம் கண்டதைச் சொல்ல வேண்டும். அதை எழுதி வாசித்துக் காட்டுவோம். சாட்சி கையொப்பமோ கைரேகையோ இடுவார். பங்குத் தந்தையும் ஒப்பமிட்டுப் பங்கு முத்திரை இடுவார்.

எளிது என்பதனால் மலிவு என்று எண்ணிவிடாதீர்கள். ஆணையிடுவது கடவுளையே சாட்சிக்கு அழைப்பதாகும். ஒருவருக்காக மற்றொருவர் ஆணையிட்டால் அது செல்லாது; அச்சுறுத்தி வாங்கிய ஆணையும் செல்லாது. “ஆண்டவர் ஆணையிடவே வேண்டாம் என்றாரே?” எனச் சிலர் கேட்பதுண்டு. தூய பவுலடியார் கலாத்தியருக்கும் கொரிந்தியருக்கும் எழுதுகையில் கடவுளைச் சாட்சியாக அழைக்கிறார். வாய்க்கு வாய் ‘சத்தியமாக’ என்று சொல்லித் திரிவதுதான் தவறு. சந்தையில் கத்தரிக்காய் விற்கவும் மாதாவைச் சாட்சிக்கு இழுப்பவர்களை நான் அறிவேன்.

மறுநாள் பெண்ணின் அப்பத்தாவை அழைத்து வந்தார்கள். எழுபத்தெட்டு வயது. ஞானத்தந்தை இறந்துவிட்டார், ஞானத்தாய் இருக்குமிடம் தெரியவில்லை. ஆகவே எல்லாரும் இவரையே நம்பியிருந்தார்கள். நற்செய்தி நூலை எடுத்து வைத்தேன். கிழவி கையை நீட்டவில்லை.

“சாமி, பெரிய பயல் ஒரே அழுகை. அவனைத் தூக்கிக்கிட்டு நான் வெளியே வேப்பமரத்தடியில நின்னேன். தண்ணி ஊத்தினதை நான் பாக்கலை.”

“ஊருக்கே தெரிந்த விஷயம்தானே அம்மா, சொல்லிவிடுங்கள்” என்று மகன் கெஞ்சினார், பிறகு சினந்தார். பேத்தி தலைகுனிந்து அழுதாள். எனக்கும் மனம் இளகாமல் இல்லை. ஆயினும் அம்மூதாட்டியை நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்த எனக்கு உரிமையும் இல்லை. போகும்போது அவரே, “அப்ப கோவில்பிள்ளையா இருந்தவரு உள்ளதான் நின்னாரு” என்றார்.

அவரைத் தேடிப் பிடிக்க ஆறு நாட்கள் ஆயின. வேறொரு மாவட்டத்தில் மகன் வீட்டில் படுக்கையாய் இருந்தார். பயணம் செய்ய இயலாத நிலை. அப்பங்கின் தந்தைக்கு எழுதினேன்; அவர் வீட்டிற்கே சென்று ஆணை பெற்று வாக்குமூலம் எழுதி அனுப்பினார். அன்று மூன்று குழந்தைகளுக்குத் திருமுழுக்கு நடந்ததாம். அவற்றுள் ஒன்று முதியவரின் சொந்தப் பேத்தி. கெண்டியில் நீர் போதாமல் கிணற்றில் இறைத்து வந்தவரும் அவரே. மூன்று தலைகளின்மீதும் நீர் ஊற்றப்பட்டதை அருகில் நின்று கண்டிருக்கிறார். அப்படியும் ஐயம் நீங்காதிருந்தால் நிபந்தனையுடன் திருமுழுக்கு அளிக்க நேர்ந்திருக்கும். அதற்குத் தேவை ஏற்படவில்லை.

ஒரு எச்சரிக்கை. இவ்வாக்குமூலம் திருச்சபைக்குள் மட்டுமே செல்லும். பெயர் மாற்றம், வாரிசு உரிமை, நீதிமன்றக் காரியம் என்று வந்தால் நோட்டரியிடமோ, நீதித்துறை நடுவரிடமோ, ஆணை பெற அதிகாரம் பெற்ற அலுவலரிடமோதான் போக வேண்டும். பங்கு முத்திரையைக் காட்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் வாதாடாதீர்கள்.

திருமணம் குறித்த நாளில் நடந்தது. கோப்பில் இன்றும் இரு தாள்கள் உள்ளன. மேலே இருப்பது கோடிட்ட சாதாரணத் தாள். முதியவரின் பெருவிரல் ரேகை சற்றே கலைந்திருக்கிறது. அடியில் தந்தையின் முத்திரைத்தாள் இருக்கிறது. திருப்பித் தந்தபோது, “எனக்கு எதற்கு சாமி?” என்று அவர் வாங்க மறுத்துவிட்டார்.