அறியாமையாம், அறியாமை!

ஒவ்வொரு குளிர்காலமும் மலைப்பக்கம் இருந்து ஒரே மாதிரி செய்தி வரும். பூட்டின அறைக்குள்ள கரி அடுப்பை வச்சுத் தூங்கினவங்க காலையில எழுந்திருக்கலை. 2024-ல குளிர்காலம்கூட வரலை, ஆகஸ்டுலயே கொடைக்கானல்ல பார்பிக்யூ அடுப்பை அறைக்குள்ள வச்சுத் தூங்கின ரெண்டு பேர் இறந்துட்டாங்க. உடனே நம்மாளுங்க ஆரம்பிச்சிடுவாங்க: "மக்களுக்கு விழிப்புணர்வே இல்லைங்க."

சுற்றுலா வந்தவங்களுக்குத் தெரியாம இருக்கலாம். மலையிலயே காலம் தள்ளுறவங்களுக்கும் அதே பட்டத்தைக் கொடுக்கிறப்பதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

என் அம்மாயி குன்னூர் பக்கம் ஒரு தோட்டத்துல கொழுந்து கிள்ளினவங்க. 1964 ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்த குடும்பம். லயத்துல ஒரு அறை, ஒரு அடுப்படி, மேலே வெறும் தகரம். சாயங்காலம் தணலை இரும்புச் சட்டியில அள்ளி, வாசல்ல வச்சு, புகை அடங்கினதும் உள்ளே கொண்டு வருவாங்க. படுக்கப் போகும்போது மறக்காம வெளியே எடுத்து வச்சிடுவாங்க. "தணல் உள்ளே இருந்தா தலை கனக்கும்டா." பள்ளிக்கூடமே போகாதவங்க. கார்பன் மோனாக்சைடுங்கிற பேர்தான் தெரியாது, விஷயம் தெரியும்.

எனக்கு எட்டு வயசு இருக்கும். தம்பிக்குக் காய்ச்சல், நடுக்கம் நிக்கலை. அன்னிக்கு மட்டும் சட்டியை வெளியே எடுக்கலை. நடுராத்திரி அம்மா குமட்டிக்கிட்டு எழுந்து கதவைத் திறந்தாங்க. அந்தக் கதவு திறந்ததாலதான் நான் இன்னிக்கு பி.காம். படிச்சுக்கிட்டு இதை எழுதுறேன்.

புகை இல்லைன்னா ஆபத்து இல்லைன்னு தோணும். அதுதான் பொறி. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்துல ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ஒட்டிக்கும். தூங்குறவன் தூங்கிக்கிட்டே போயிடுவான்.

தெரிஞ்சும் ஏன் வைக்கிறாங்க? "ஹீட்டர் வாங்க வேண்டியதுதானே?"ன்னு என் கிளாஸ்மேட் ஒருத்தன் கேட்டான். வாங்கலாம் ராசா. கணக்குப் போடு. 1000 வாட் ஹீட்டர் ராத்திரி 8 மணி நேரம் ஓடினா 8 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 480. 2016-ல அறிவிச்ச இலவச 100 யூனிட், வேற ஒரு பல்புகூட எரியலைன்னாலும் 13-வது ராத்திரியே காலி. மிச்ச 47 ராத்திரிக்கு யார் கட்டுறது? தினக்கூலியா?

இன்னொண்ணு. ஊட்டியில ஜான் சல்லிவன் கல் பங்களா கட்ட ஆரம்பிச்சது 1822-ல. அதுக்கப்புறம் வெள்ளைக்காரங்க இந்த மலையில கட்டின பழைய பங்களாக்களைப் பாருங்க. சுவரோட சேர்த்து கணப்படுப்பு, கூரைக்கு மேல புகைபோக்கி. உள்ளே நெருப்பு வச்சா காத்து வெளியே போக வழி வேணும்னு 200 வருஷமாவே தெரியும். எங்க லயத்து அறைக்கு மட்டும் ஏன் அந்த வழி இல்லை? இது யாரோட அறியாமை?

1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளிதான் வீடு கொடுக்கணும்னு சொன்னது. குளிருக்குக் கம்பளி கொடுக்கவும் மாநில அரசு விதி போடலாம்னு சொன்னது. அதாவது குளிர் அடிக்கும்னு சட்டத்துக்கே தெரிஞ்சிருக்கு!

காமர்ஸ் பாஷையில சொன்னா, தகரத்துக்குக் கீழே ஒரு சீலிங், சுவர்ல ஒரு புகைபோக்கி, இதெல்லாம் மூலதனச் செலவு. ஒரு தடவை போட்டா பல வருஷம் நிக்கும். ஹீட்டர் தினச் செலவு. வீடு தோட்டத்துக்குச் சொந்தம், குளிர் மட்டும் தொழிலாளிக்குச் சொந்தம். வேலையை விட்டா காலி பண்ண வேண்டிய வீட்டுக்கு எவன் கைக்காசைப் போட்டு சீலிங் அடிப்பான்? செலவு பண்ண வேண்டியவனுக்குக் குளிரலை, குளிர்றவனுக்குக் காசில்லை. நடுவுல கரிச்சட்டி.

"அப்ப விழிப்புணர்வே வேணாமா?"ன்னு சண்டைக்கு வராதீங்க. வேணும். படுக்கிறதுக்கு முன்னாடி தணலை வெளியே வைங்க. தலை வலிச்சா, குமட்டினா, கதவைத் திறந்துட்டு எல்லாரையும் எழுப்பி வெளியே வாங்க. வெந்நீர் பாட்டிலைக் கம்பளிக்குள்ள வச்சுக்கங்க. இதையெல்லாம் நானும் ஊர்ல சொல்லிக்கிட்டுதான் இருக்கேன்.

ஆனா சொல்றதுக்குக் காசு செலவாகாது. அதனாலதான் எல்லாரும் அதோட நிறுத்திக்கிறாங்க. அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வந்தா, "இது கூடவா தெரியாது?"ன்னு கேக்காதீங்க. "அந்த வீட்டுக்குப் புகைபோக்கி இருந்துச்சா?"ன்னு கேளுங்க.