இதயத்தைத் தைச்சாச்சு, மூளைக்கு யார் பொறுப்பு?

எந்த ஊருக்கு டிரான்ஸ்பர் ஆகிப் போனாலும் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஒரே மாதிரி பேனர்தான். ஒரு குழந்தை சிரிக்கும், பக்கத்தில் டாக்டர் கைகட்டி நிற்பார், கீழே 'இத்தனை ஆயிரம் பிஞ்சு இதயங்களைக் காப்பாற்றியிருக்கிறோம்' என்று ஒரு எண். நிஜமாகவே பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளில் எத்தனை பேர் வயசுக்கேற்ற மாதிரி பேசுகிறார்கள், எத்தனை பேர் இரண்டாம் வகுப்பில் தடுமாறுகிறார்கள் என்று எந்தப் பேனரிலும் நான் பார்த்ததில்லை. கேட்டால் "ஆபரேஷன் சக்சஸ் சார்" என்பார்கள். இதயத்தில் சக்சஸ், சரி. தலைக்குள் இருப்பது யார் கணக்கில் வரும்?

நான் சும்மா பீதி கிளப்பவில்லை. சிக்கலான சில ஆபரேஷன்களில் குழந்தையின் உடம்பை 18 டிகிரி வரைக்கும் குளிர வைத்து, இதய நுரையீரல் இயந்திரத்தையும் நிறுத்தி, ரத்த ஓட்டமே இல்லாமல் கொஞ்ச நேரம் வேலை செய்வார்கள். குளிர்ந்த மூளைக்கு ஆக்சிஜன் குறைவாகப் போதும், அதனால் தாங்கும் என்பது கணக்கு. எவ்வளவு நேரம் தாங்கும்? இதைப் பார்க்கத்தான் பாஸ்டனில் 1988-ல் ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். பெரிய ரத்தக் குழாய்கள் இடம் மாறிப் பிறந்த 171 குழந்தைகள். ஒரு பிரிவுக்கு ரத்த ஓட்டத்தைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டு ஆபரேஷன், இன்னொரு பிரிவுக்கு மெதுவாக ஓடவிட்டு. நிறுத்தின பிரிவில் வலிப்பு அதிகம் வந்தது. ஒரு வயசில் கை கால் திறனும் குறைவாக இருந்தது. நிறுத்தும் நேரம் 40 நிமிஷத்தைத் தாண்டினால் ஆபத்து ஏறுகிறது என்று பிற்பாடு சொன்னார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு. அவர்கள் ஒரு வயசோடு விடவில்லை. அதே குழந்தைகளை 16 வயசு வரைக்கும் தேடிப் பிடித்துப் பரிசோதித்தார்கள். அப்போது இந்த முறையா அந்த முறையா என்ற வித்தியாசம் பெரும்பாலும் மங்கிப் போயிருந்தது. ஆனால் மொத்தத்தில் சுமார் 65 சதவீதம் பேருக்குப் படிப்பிலோ நடத்தையிலோ ஏதோ ஒரு கட்டத்தில் தனி உதவி தேவைப்பட்டிருந்தது. மடக்குப் பிள்ளைகள் இல்லை சாமி, பெரும்பாலானோரின் புத்திக்கூர்மை சராசரிதான். கவனம், திட்டமிடுதல், ஒரு வேலையை முடித்து அடுத்ததற்குப் போவது, இதில்தான் சிக்கல். வெளியிலிருந்து பார்த்தால் 'சோம்பேறி' என்று தோன்றும்.

அதற்கப்புறம் ஆபரேஷன் தியேட்டரில் நிறைய மாறிவிட்டது. இயந்திரத்தில் ரத்தத்தை ரொம்ப நீர்க்க விடுவதில்லை, நெற்றியில் ஒரு சென்சார் ஒட்டி மூளைக்குப் போகும் ஆக்சிஜனைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். ஆனாலும் மேஜை மேல் நடப்பது கதையில் ஒரு பகுதிதான். சில பெரிய இதயக் கோளாறுகளில், நிறைமாதத்தில் பிறந்தாலும் குழந்தையின் மூளை ஒரு மாசம் பின்தங்கி இருப்பது ஸ்கேனில் தெரிகிறது. கருவிலேயே ஆக்சிஜன் குறைச்சல். பிறந்தபின் கண்டுபிடிக்கத் தாமதமானால் நீலம் பாரித்தே நாட்கள் போகும். ஆக மூளையைக் காப்பாற்றும் பொறுப்பு சர்ஜனுக்கு மட்டும் இல்லை. அவருக்கு முன்னால் இருப்பவர்களுக்கும் பின்னால் இருப்பவர்களுக்கும் உண்டு.

முன்னால் என்ன செய்கிறோம்? நம் நாட்டில் வருஷத்துக்கு 2 லட்சத்துக்கு மேல் குழந்தைகள் இதயக் கோளாறோடு பிறப்பதாக மதிப்பீடு. பிறந்த மறுநாள் கையிலும் காலிலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வைத்துப் பார்த்தால் பல ஆபத்தான கோளாறுகள் சிக்கிவிடும். அமெரிக்காவில் எல்லாச் சிசுவுக்கும் இதைச் செய்யச் சொல்லி 2011-லேயே பரிந்துரைத்துவிட்டார்கள். கொரோனாவில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்தோமே, அந்தச் சமாச்சாரம்தான் (சிசுவுக்குத் தனி கிளிப் வேண்டும்). இங்கே இன்னும் எத்தனையோ பிரசவ ஆஸ்பத்திரிகளில் கேட்டால்தான் செய்வார்கள்.

பின்னால் நடப்பதுதான் வயித்தெரிச்சல். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் வரைக்கும்தான் செலவு கணக்கில் வரும். அதற்குள் தையல் ஆறும். பேச்சு வருகிறதா, நடை வருகிறதா என்பது பதினாறாம் நாளில் தெரிகிற விஷயமா? நாங்கள் ஒரு டிராக்டர் லோன் கொடுத்தால்கூட, டிராக்டர் நிஜமாக இருக்கிறதா, ஓடுகிறதா என்று பார்க்கப் போகவேண்டும். போகாவிட்டால் ஆடிட்டர் பிடிப்பார். லட்சக்கணக்கில் செலவழித்துக் காப்பாற்றின குழந்தையை இரண்டு வயசில் போய்ப் பார்க்க ஒரு ஃபார்ம்கூடக் கிடையாது.

நிற்க. வெளிமாநிலத்தில் இருக்கும் நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு கண்ணி இருக்கிறது. எங்கள் காலனியில் ஒரு தமிழ்க் குடும்பம். பையனுக்கு எட்டு மாசத்தில் ஊரில் போய் ஆபரேஷன். மூணு வயசாகியும் நாலைந்து வார்த்தைதான். இங்கே காட்டின டாக்டர் சொன்னது: "வீட்டில் தமிழ், வெளியே ஹிந்தி, ஸ்கூலில் இங்கிலீஷ், பையன் குழம்பிட்டான், ஒரே பாஷை பேசுங்க." ஊரிலிருந்து பாட்டியும் அதையே சொன்னார். ஒன்றரை வருஷம் அந்தப் பெண் பெற்ற பிள்ளையிடம் தமிழே பேசவில்லை, தனக்கே சரியாக வராத இங்கிலீஷில் கொஞ்சினாள். நாலரை வயசில் வேறு ஒருவர் சொல்லிக் காதைப் பரிசோதித்தால், கேட்கும் திறன் குறைவு. இதய ஆபரேஷன் ஆன குழந்தைகளுக்கு இது அதிகம் வருகிறது. அப்போது கொடுக்கும் சில மருந்துகளும் காதைப் பாதிக்கக்கூடியவை. டிஸ்சார்ஜ் ஃபைலைப் புரட்டிப் பார்த்தேன். எக்கோ எண்கள் பக்கம் பக்கமாக இருக்கிறது. காது என்றோ பேச்சு என்றோ ஒரு வரி இல்லை.

இரண்டு மூணு பாஷை கேட்டு வளர்வதால் பேச்சுக் கோளாறு வராது. இது நன்றாக ஆராயப்பட்ட விஷயம். இதய ஆபரேஷன் ஆன குழந்தை பேசத் தாமதித்தால் அந்தச் சமாதானத்தை யார் சொன்னாலும், கோட் போட்டவர் சொன்னாலும், ஏற்காதீர்கள்.

"உயிர் பிழைச்சதே பெரிசு, பெத்தவங்களை ஏன் பயமுறுத்தறீங்க" என்று கேட்பவர்கள் உண்டு. சின்ன ஓட்டையை அடைத்த குழந்தைகள் பெரும்பாலும் நன்றாகவே வளர்கிறார்கள், அவர்கள் பயப்பட வேண்டாம். கைக்குழந்தையாக இருக்கும்போதே இதயத்தைத் திறந்து ஆபரேஷன் ஆனவர்கள், நீலக் குழந்தைகளாக இருந்தவர்கள், இவர்கள் பெற்றோருக்கு விஷயம் தெரிந்தே ஆகவேண்டும். ஆபரேஷன் செலவோடு பார்த்தால் காது பரிசோதனையும் வளர்ச்சிப் பரிசோதனையும் கொசுறு. காசு இல்லை என்ற சால்ஜாப்பு எடுபடாது.

அமெரிக்க இதயச் சங்கம் 2012-லேயே இந்தக் குழந்தைகளை 1-2 வயசிலும், 3-5 வயசிலும், 11-12 வயசிலும் திரும்பத் திரும்பப் பரிசோதிக்கச் சொல்லியிருக்கிறது. இங்கேயும் 2013-ல் ஆரம்பித்த ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் பல மாவட்ட ஆஸ்பத்திரிகளில் வளர்ச்சிக் குறைபாட்டுக்கான மையம் இருக்கிறது. அங்கே போகச் சொல்லி டிஸ்சார்ஜ் ஃபைலில் எழுத இதய ஆஸ்பத்திரிக்கு என்ன கஷ்டம்? படிப்பில் சிக்கல் என்று தெரிந்தால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் சிபிஎஸ்இ பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும்.

நம்மில் பலர் ஆபரேஷனுக்குச் சென்னையோ வேலூரோ போய்விட்டு, வருஷம் ஒருமுறை எக்கோவுக்கு மட்டும் ரயில் ஏறுகிறோம். அடுத்த தடவை போகும்போது, அடுத்த எக்கோ தேதிக்குக் கீழேயே காதுக்கும் பேச்சுக்கும் படிப்புக்கும் ஒரு தேதி எழுதச் சொல்லுங்கள். "அது எங்க டிபார்ட்மென்ட் இல்லை" என்றால், எந்த டிபார்ட்மென்ட் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துத் தரச் சொல்லுங்கள்.