மகளுக்குக் கட்டும் வீடு

ஆகஸ்ட் மாத விடுமுறையிலே ஒருநாள் அறுகம்பேக்குச் சென்றிருந்தேன். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று தெற்கே நீளும் கடற்கரை வீதி பொத்துவிலைத் தாண்டியதும் எதிர்ப்படும் ஊர் அது. 'குடா' என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கவும் 'பே' என்ற ஆங்கிலச் சொல்லே அதன் வாலாக ஒட்டிக்கொண்டுவிட்டது. அலையேறி விளையாடுவதற்கென்று உலகின் நாற்றிசையிலிருந்தும் மக்கள் அங்கு வந்து கூடுகின்றனர். அவர்கள் தங்குவதற்குக் குடில்கள் அமைத்து வாடகைக்கு விடுபவருள் ஒருவர் என் பழைய மாணவர்.

நண்பகல் வேளை. மேற்கிலிருந்து கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்தது. மாணவர் என்னை ஒரு குடிலில் அமர்த்தினார். கிடுகு வேய்ந்த கூரை, இடுப்பளவே உயர்ந்த சுவர், தரையிலே பன்பாய், மூலையில் ஒரு மண்பானை. கூரை தாழ்ந்து வெயிலைத் தடுத்தது. திறந்த பக்கங்கள் காற்றுக்கு வழிவிட்டன. அரைமணி நேரத்தில் களைப்பு நீங்கிற்று. பின்பு, "சேர், என் வீட்டையும் பார்க்க வேண்டும்" என்று அழைத்துச் சென்றார். இரண்டு மாடி வீடு. முன்புறத்திலே தூண்கள், வண்ணக் கண்ணாடி, உள்ளே முகம் தெரியுமளவு பளபளக்கும் தரை, உறை கழற்றப்படாத மெத்தைக் கதிரைகள். யன்னல்கள் யாவும் மூடியிருந்தன. கால் நாழிகைக்குள் என் சட்டை நனைந்துவிட்டது.

"வீட்டார் எங்கே?" என்று கேட்டேன்.

"பின்வளவில், பூவரச மரத்தடியில் இருக்கிறார்கள், சேர். இந்தப் பக்கம் விருந்தாளி வந்தால் திறப்போம்" என்றார்.

அந்நிய நாட்டார் பணம் கொடுத்துப் பெறும் சுகம் எதுவோ, அதனை விற்பவர் தம் மனைவி மக்களுக்கு வைத்துக்கொள்ளவில்லை. அவரை நகையாடுவதற்காக இதனை எழுதவில்லை. அவர் செய்த தவற்றை நானும் செய்தவன்.

தமிழிலே வீட்டைக் குறிக்கும் சொற்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 'இல்' என்றால் வீடு. அதிலிருந்தே 'இல்லாள்' பிறந்தாள். 'மனை' என்றால் வீடு. அதிலிருந்தே 'மனைவி' வந்தாள். 'அகம்' என்பது உள்ளிடம், வீடு, மனம் என்ற மூன்றையும் ஒருசேரக் குறிக்கும். வீட்டின் முற்றத்துக்கு 'முன்றில்' என்று பெயர். 'இல்முன்' என்பதே முன்பின்னாக மாறி அவ்வாறு நின்றது என்பர் இலக்கணமுடையார். முன்றிலுக்குப் பெயர் இல்லத்தால் வந்ததேயன்றி இல்லத்துக்குப் பெயர் முன்றிலால் வரவில்லை. நாமோ இன்று முன்றிலை முதலிற் கட்டி, எஞ்சிய இடத்தை இல்லம் என்கின்றோம்.

எங்கள் கிழக்குக் கரையிலே இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. இங்கே, முஸ்லிம்களாயினும் தமிழராயினும், பெண் மணமாகிக் கணவன் வீடு செல்வதில்லை. கணவனே பெண்ணின் வீட்டுக்கு வருகின்றான். ஆகவே பெண்ணைப் பெற்றவர் அவளுக்கென்று ஒரு வீட்டைக் கட்டியாக வேண்டும். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அதே வளவின் ஓரத்திலே சிறு கொட்டில் போட்டுக்கொண்டு, அடுத்தவளுக்கு அத்திவாரம் இடும் தாய் தந்தையரை ஊர்தோறும் காணலாம். இதற்காக வயற்காணி விற்றவர் உண்டு. மத்தியகிழக்கு நாடுகளுக்குப் பணிப்பெண்களாகப் போய், பிறர் வீட்டுத் தரையைத் துடைத்து, தம் மகளின் வீட்டுக்குத் தரை போட்ட தாய்மார் உண்டு.

'இன்ன அளவு வீடு வேண்டும்' என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டு வாங்குவது தகாது என்பது என் துணிபு. ஆயினும், வீடு பெண்ணின் பெயரில் இருப்பது அவளுக்கு அரண் என்பதையும் மறுக்க இயலாது. கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் அவள் தெருவில் நிற்க நேராது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர் இக்கரையிற் கட்டிக் கொடுக்கப்பட்ட வீடுகள் பலவற்றுக்குக் 'குடும்பத் தலைவர்' என்ற முறையிலே கணவன்மாரின் பெயரில் உரிமை எழுதப்பட்டது. தாய்வழியாகத் தன் கைக்கு வந்த வீட்டைக் கடலுக்குக் கொடுத்த பெண், அதற்கு ஈடாக வந்த வீட்டிலே உரிமையற்றவளானாள். பெயரளவிலேனும் தனதாக இருந்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது அப்போதுதான் பலருக்கு விளங்கிற்று.

ஆனால் பெயர் அவளுடையதாக இருந்தாற் போதுமா? வீடும் அவளுடையதாக இருக்க வேண்டாவா?

என் மூத்த மகளுக்கு வீடு கட்டியபோது நான் யாரைக் கேட்டேன்? மேசனாரைக் கேட்டேன், மைத்துனரைக் கேட்டேன், அயலூரிலே புதிதாகக் கட்டிய ஒருவரின் வீட்டைப் போய்ப் பார்த்தேன். வருவோர் வியக்கும்படி முன்மண்டபத்தைப் பெரிதாக்கினேன். அதனாற் குசினி சிறுத்தது. அதன் புகை போவதற்கு வழியில்லை. அடுப்பு மேற்குச் சுவரோடு நின்றது. மணமாகி ஓராண்டு கழிந்து, கைக்குழந்தையோடு அவள் பிற்பகல் முழுவதும் குசினி வாசற்படியிலே பாய் விரித்துக் கிடப்பதைக் கண்டேன். "மண்டபத்தில் விசிறி இருக்கிறதே, மகள்?" என்றேன்.

"வீடு வடிவுதான், வாப்பா. ஆனால் ஆட்கள் வந்தால் நான் எழும்பி உள்ளே போக வேண்டும். உள்ளே எனக்கென்று ஓரிடம் இல்லை. கட்டும்போது என்னிடம் ஒருதரம் கேட்டிருக்கலாமே?" என்றாள்.

முப்பது ஆண்டுகளாகப் பிள்ளைகளிடம் வினாக் கேட்பதையே தொழிலாகக் கொண்டவன், கேட்க வேண்டிய ஒரு வினாவைக் கேட்காமல் விட்டேன்.

அன்றிரவு நெடுநல்வாடை நினைவுக்கு வந்தது. நூல் பிடித்து, நிழல் பார்த்து, நாழிகை கணித்து அமைத்த அரண்மனையை நக்கீரர் அதிலே காட்டுகின்றார். யானைக் கோட்டாற் செய்த கட்டில். வான்மீன்களை எழுதிய விதானம். தமிழ் இலக்கியத்தில் அதனினும் சிறந்த உள்ளலங்காரம் வேறில்லை எனலாம். ஆனால் அக்கட்டிலிற் கிடக்கும் அரசி உறங்கவில்லை. அவள் துயரத்துக்குக் காரணம் வேறு. கணவன் பாசறையில் இருக்கின்றான். என்றாலும், எத்துணை அலங்காரமும் வாழ்பவளின் நெஞ்சுக்கு ஈடாகாது என்பதைப் புலவர் அறிந்திருந்தார். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வலைஞர் குடிசையோ இதற்கு மறுதலை. புல் வேய்ந்த தாழ்ந்த கூரை, முற்றத்திலே மீன் பிடிக்கும் பறி, புன்னைக் கிளைகளால் ஆன பந்தர், அதிலே தொங்கும் காய், கீழே மணல். அங்குள்ள பொருள் ஒவ்வொன்றும் ஒரு கையின் தேவைக்கு வந்தது. அழகு அதனோடு கூடவே வந்தது.

'குடிசைக்குத் திரும்பச் சொல்கிறீரா?' என்று கேட்பார் உளர். இல்லை. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளியை எட்டு வயதிற் கண்டவன் நான். மண்சுவரும் கிடுகும் என்னவாயின என்பதை அறிவேன். ஆழிப்பேரலையிலே இந்நாட்டின் எந்த மாவட்டத்தைக் காட்டிலும் அம்பாறை மாவட்டமே மிகுதியான உயிர்களை இழந்தது. இறந்தோர் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர். கல்லும் கொங்கிறீட்டும் வேண்டும் என்று மக்கள் நினைப்பதில் பிழையில்லை. சுவர் வலிதாயிருக்கட்டும். சுவருக்குள் மூச்சு விட இடமிருக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பிறர் வழக்கை ஏற்கலாகாது என்பதும் என் கொள்கையன்று. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், விறாந்தை, குசினி: நம் வீட்டினுள்ளே புழங்கும் இச்சொற்கள் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றவை. 1505இல் இந்நாட்டுக்கு வந்தவர்களின் பொருள்கள் உதவின, வைத்துக்கொண்டோம், இன்று அவை தமிழாகிவிட்டன. எங்கிருந்து வந்தது என்பது வினாவன்று. வாழ்பவருக்கு உதவுகிறதா என்பதே வினா.

இவ்வினாவை முறையாகக் கேட்டவர் ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். கண்டியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மினற் டி சில்வா (1918–1998). 1950களின் பிற்பகுதியிலே கண்டி வட்டப்புளுவவில் அரசு ஊழியருக்கான வீட்டுத் திட்டத்தை வகுத்தபோது, வரைவதற்கு முன்னே, குடிபுகவிருந்த குடும்பங்களுக்கு வினாக்கொத்துக் கொடுத்து, அவர்கள் எவ்வாறு சமைப்பர், எவ்வாறு வழிபடுவர், எவ்வாறு உறங்குவர் என்றெல்லாம் அவர் அறிந்துகொண்டார். பல இனத்தாரும் பல சமயத்தாரும் அக்குடும்பங்களில் இருந்தனர். தும்பறைப் பாய்ப் பின்னலைக் கதவிலே பதித்து அழகு செய்தவரும் அவரே. ஜெப்ரி பாவாவோ, 1960களின் தொடக்கத்திலே கொழும்பின் நெருக்கமான தெருவொன்றில் ஏனா டி சில்வாவுக்குக் கட்டிய வீட்டை, வெளிப்புறத்தை மதிலால் மறைத்து, நடுமுற்றத்தைச் சுற்றி அமைத்தார். தெருவிற் போவோருக்கு அவ்வீட்டிலே காண்பதற்கு ஒன்றுமில்லை. உள்ளிருப்போருக்கோ மழையும் மரமும் வானமும் இருந்தன.

கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இதைவிடப் பொருத்தமான பாடம் வேறில்லை என்பேன். வீட்டோடு வீடு ஒட்டி நிற்கும் ஊர்கள் இவை. யன்னலைத் திறந்தால் அயலான் கண், மூடினால் புழுக்கம். எங்கள் பெண்களிற் பலர் முன்விறாந்தையில் அமர்வதில்லை. அப்படியிருக்க, முன்புறத்துக்குச் செலவிடும் பணமெல்லாம் யாருக்கு? பத்தடிச் சதுரமான ஒரு நடுமுற்றம், அதிலே ஒரு மாதுளை, சுற்றிலும் அறைகள்: பிறர் கண் படாமலே அவளுக்கு வெளிச்சமும் காற்றும் கிடைத்துவிடும். செட்டிநாட்டார் வீடுகளில் உள்ளதும் இம்முற்றமே. நமக்குத் தேவையானது அதன் சிறு வடிவம்.

நிற்க. வீடு கட்டப் புகுவோர் எண்ண வேண்டியவை இன்னும் சில உள. நமக்குக் கடல் கிழக்கே. பகலிற் கடற்காற்று அங்கிருந்தே வரும்; ஆகவே இருக்கும் அறையும் படுக்கும் அறையும் கிழக்கை நோக்கித் திறக்கட்டும். கச்சானும் மாலை வெயிலும் மேற்கே. அப்பக்கத்தைக் குளியலறையும் களஞ்சிய அறையும் தாங்கட்டும். காற்றுக்கு நுழைவழி மட்டும் போதாது. எதிர்ச்சுவரிலே வெளியேறும் வழியும் வேண்டும். சூடான காற்று மேலெழும். அதற்குச் சுவரின் உச்சியிலே காற்றுக்கண் வைக்க வேண்டும். ஒன்றன்மேல் ஒன்றாக நகரும் அலுமினிய யன்னல் எப்போதும் பாதியே திறக்கும். கீலிலே திரும்பும் பழைய மரயன்னல் முழுதும் திறக்கும். வெறும் கொங்கிறீட் தட்டு பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் கக்கும். அதன்மேல் ஓட்டுக் கூரையொன்று நிழல் செய்தால் அது தணியும். பளிங்குபோன்ற தரை ஈரக்காலோடு வரும் முதியவளை வீழ்த்தும். மெருகிட்ட சிவப்புச் சீமெந்துத் தரை குளிரும், செலவும் குறையும்.

உள்ளலங்காரம் என்பது கடையில் வாங்குவது என்று யார் சொன்னார்? மருதமுனையிலே தறி ஆடுகின்றது. அங்கு நெய்த துணி யன்னலிலே தொங்கினால் காற்றும் வரும், வண்ணமும் வரும். பன்பாய் பின்னும் கை இன்னும் எங்கள் ஊர்களில் இருக்கின்றது. ஒரு சாய்மனைக் கதிரை, ஒரு பாய், கை எட்டும் உயரத்தில் ஒரு நூல்தட்டு: ஓர் அறைக்கு இவை போதும். ஒருபோதும் தேநீர் ஊற்றப்படாத கோப்பைகளைக் கண்ணாடிப் பேழைக்குள் அடுக்கி வைப்பதைவிட, தினமும் கைபடும் பொருளைச் செம்மையாகத் தெரிந்தெடுப்பதே அழகு.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். கடிதமும் கட்டுரையும் எழுதப் பழக்குகின்றோம். 'நான் வாழ விரும்பும் வீடு' என்று பெண்பிள்ளைகளுக்கு ஒருமுறை தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் எழுதுவதை அவர்களின் தந்தையருக்கும் காட்டுங்கள். அவ்வீட்டுக்காக வயலையும் வியர்வையையும் இழக்கப் போகின்றவர்கள் அதனை ஒருமுறையேனும் படிக்கட்டும்.

மூத்தவளின் குசினிச் சுவரை இடித்துக் கிழக்கே ஒரு யன்னல் வைத்துவிட்டோம். மண்டபத்திலே ஒரு பாதியைத் தட்டியால் மறைத்து அவளுக்கு ஓர் அறை செய்தோம். கட்டியதைத் திருத்துவது கட்டுவதைவிடக் கடினம் என்பதை அப்போது அறிந்தேன். இளையவளின் வீட்டுக்கு இன்னும் அத்திவாரம் இடவில்லை. கட்டமிட்ட கொப்பித் தாளொன்றைக் கொடுத்து, "நீயே வரை, மகள்" என்றேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். முதலில் அடுப்பை வரைந்து அதனருகே யன்னல் வைத்தாள், பின்பு முற்றம், பின்பு புத்தகத்துக்கு ஒரு சுவர், பின்பு, நானும் அவளுடைய உம்மாவும் முதுமையில் இருப்பதற்கென்று, கொட்டில் அன்று, வீட்டினுள்ளேயே ஓர் அறை.

அத்தாளை மேசனாரிடம் கொடுத்தேன். நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் சரி, சேர். முன்பக்கம் எங்கே?" என்று கேட்டார்.

"அதைக் கடைசியிற் பார்த்துக்கொள்வோம்" என்றேன்.