காந்தத்தோடு போய் வண்டி வாங்குங்கள்

என் நான்காம் படிவ மாணவன் ஒருவன் சென்ற மாதம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். முன்னும் பின்னும் அதிர்வுதாங்கி பொருத்திய புத்தம் புதிய மலை மிதிவண்டி, விலை 600 ரிங்கிட். பள்ளி விடுமுறையில் கூடாரம், துணிமணி, அடுப்பு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, அண்ணனுடன் குவாந்தானிலிருந்து கோலத் திரங்கானுவுக்குக் கடலோரச் சாலையில் போகவேண்டுமாம். “வாங்கலாமா சார்?”

வேண்டாம் என்றேன். அதில் பாதிப் பணத்துக்கு, 1980களின் பிற்பகுதியிலோ 1990களின் தொடக்கத்திலோ செய்த, அதிர்வுதாங்கி இல்லாத எஃகு வண்டி ஒன்றைத் தேடச் சொன்னேன். “அது என்னைவிட இரண்டு மடங்கு மூத்தது சார்” என்று முகம் சுளித்தான்.

வயதைப் பார்த்து ஒதுக்குவது தவறு என்பேன். 1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஸ்டம்ப்ஜம்ப்பர், பெருமளவில் தயாரான முதல் மலை மிதிவண்டிகளில் ஒன்று. அதைத் தொடர்ந்து வந்த வண்டிகள் பலவும், கரடுமுரடான சரிவில் தடுமாறாமல் இறங்குவதற்காகச் சற்று நீளமாக அமைந்தன. சுமை ஏற்றுபவருக்கும் அந்த நீளம்தான் வேண்டும். பின்சக்கரம் பெடலிலிருந்து தள்ளி இருப்பதால் குதிகால் பக்கப்பையில் இடிக்காது. கேரியரைத் திருகத் துளைகளும் பலவற்றில் உண்டு. மாணவன் காட்டிய வண்டியிலோ பின்பகுதியே மேலும் கீழும் ஆடுகிறது; கேரியரை எங்கே மாட்டுவது?

பல்சக்கரங்களும் உதவும். என் வண்டியில் முன்னே 24 பற்கள், பின்னே 32. பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் முக்கால் சுற்றுதான் சுற்றும். மேட்டில் வேகம் குறையும், முழங்கால் பிழைக்கும்.

ஆனால் எனக்கு முக்கியம் எஃகு. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிறது அல்லவா? அதுதான் உலோகச் சோர்வு. சுமை ஏற்றிய வண்டியின் சட்டகம் ஒவ்வொரு குழியிலும் கண்ணுக்குத் தெரியாமல் வளைந்து மீள்கிறது. எஃகுக்கு ஒரு சோர்வு எல்லை உண்டு. தகைவு அதற்குக் கீழே இருக்கும்வரை, எத்தனை இலட்சம் முறை வளைந்தாலும் நடைமுறையில் அது ஒடிவதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. அதனால் குழாயைப் பருமனாக்கி ஈடுசெய்கிறார்கள். நல்ல அலுமினிய வண்டிகளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 30 ஆண்டு ஓடிய சட்டகத்தை நம்பவேண்டும் என்றால் நான் எஃகைத்தான் தொடுவேன். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்துப் போங்கள். சட்டகத்தில் ஒட்டினால் எஃகு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு: துரு. துரு அரித்து மேற்பரப்பு குழிந்துவிட்டால் அந்தச் சோர்வு எல்லையை நம்ப முடியாது. இதை நான் 180 ரிங்கிட் கொடுத்துக் கற்றேன். என் முதல் பழைய வண்டியில் சாயம் பளபளத்தது, காந்தமும் ஒட்டியது. வீட்டுக்கு வந்து இருக்கையை உயர்த்தப் பார்த்தால் அசையவில்லை. எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு, நடுவே வியர்வையும் மழைநீரும். உங்கள் பாடநூலில் வரும் மின்கலமேதான்! அலுமினியம் அரிபட்டு, அதன் ஆக்சைடு இடத்தை அடைத்துத் தண்டை இறுக்கிவிட்டது. ஒரு நண்பரோடு சேர்ந்து மூன்று வாரம் போராடி அறுத்து எடுத்தேன். உள்ளே குழாயின் அடிப்பகுதி சல்லடையாகக் கிடந்தது. யாரோ ஒருவர் கொஞ்சம் கிரீஸ் தடவியிருந்தால் தண்டாவது சிக்கியிருக்காது.

ஆகவே விலை பேசும் முன்பே இருக்கைத் தண்டை உருவச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் வண்டியை விட்டுவிடுங்கள். வந்தால் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். கைப்பிடிக்குக் கீழே, குழாய்கள் சேரும் இடத்தில் சாயம் சுருக்கம் விழுந்திருந்தால் வண்டி எதிலோ மோதியிருக்கக்கூடும், அதுவும் வேண்டாம். பிரேக் கட்டை, பிரேக் கம்பி, செயின், டயர் தேய்ந்திருப்பது பெரிய குறையன்று. அவற்றை எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள், அதற்குப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

போன சனிக்கிழமை அந்த மாணவனிடமிருந்து ஒரு படம் வந்தது. சாயம் உரிந்த நீலச் சட்டகம், அதில் ஒட்டிய பூனை பொம்மைக் காந்தம், பக்கத்தில் உருவிய இருக்கைத் தண்டு. 250 ரிங்கிட் கேட்கிறார்களாம். இன்னும் பேரம் படியவில்லை.