கோப்புறைக்குள் ஒரு மாவட்டம்

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் புகைப்படங்களைக் கணினியில் எந்தக் கோப்புறையில் சேமிப்பது? மாவட்ட வாரியாக அடுக்குபவருக்கு 1995க்கு முன்பு இதில் ஐயமே எழுந்திராது. அது திருச்சிராப்பள்ளி மாவட்டம். அவ்வாண்டு பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001 சனவரியில் அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. இராசேந்திர சோழன் எழுப்பிய விமானம் நின்ற இடத்திலேயே நிற்க, 12 ஆண்டுகளில் அதன் முகவரி நான்கு முறை மாறிவிட்டது.

ஊர் வரலாற்றைச் சேகரிக்கும் அன்பர்கள் கோப்பு மேலாளர் என்னும் செயலியோடு படும் பாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்ல இயலாது. திரையில் நாம் காணும் கோப்புறைப் படம் அலுவலக மேசையிலிருந்து வந்தது. 1981இல் வெளியான ஜெராக்ஸ் ஸ்டார் கணினியிலேயே அது இருந்தது. அலமாரியில் ஒரு தாள் ஓர் உறைக்குள்தான் இருக்க முடியும். கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆயினும் அந்த வரம்பையும் சேர்த்தே அது சுமந்து வந்தது.

குறுக்குவழிகள் உண்டே என்பர். யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களின் குறியீட்டு இணைப்பு, கோப்பு இருக்கும் பாதையை மட்டுமே அறியும். பெரம்பலூர் என்ற கோப்புறையை அரியலூர் என்று பெயர் மாற்றினால் அது அறுந்துபோகும். 1991இல் மெக்கின்டாஷின் சிஸ்டம் 7 தந்த மாற்றுப்பெயர் வசதியோ, அதே வட்டுக்குள் கோப்பு இடம் மாறினாலும் அதைக் கண்டடைந்தது. பயனர் எதிர்பார்ப்பது இதைத்தான்: பெயர் மாறினாலும் பொருள் கைவிட்டுப் போகலாகாது.

தேடுபொறி இருக்கையில் கோப்புறை எதற்கு என்பாரும் உளர். தேட எழுத்துக்கூட்டல் தெரிந்திருக்க வேண்டும். அரியலூர் மாவட்டத்து ஊரொன்றை ஜெயங்கொண்டம் என்றும் செயங்கொண்டம் என்றும் எழுதுகிறோம். ஒன்றைத் தட்டச்சினால் மற்றதைக் காட்டாத செயலியை நம்பி அடுக்கும் பழக்கத்தைக் கைவிட முடியாது.

அடுக்கினாலும் தொல்லை தீர்வதில்லை. ஒருங்குறியின் குறியெண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் நிரல்களில் அரியலூர், அறந்தாங்கி, அலங்காநல்லூர் என்று பட்டியல் வரும். நம் அகராதி மரபில் அறந்தாங்கி கடைசியில் வரவேண்டும். ஜெயங்கொண்டம் திருமானூருக்கு முன்னே போய் நிற்கும். கிரந்த எழுத்தைத் தமிழ் எழுத்துகளுக்குப் பின்னே வைக்கும் அகராதியில் பழகியவர் அதைப் பட்டியலின் இறுதியில் தேடிக்கொண்டிருப்பார்.

இவை அற்பக் குறைகளல்ல என்பது என் கருத்து. கல்வெட்டுப் படிகளும் பழைய ஒளிப்படங்களும் இன்று தனியார் வீட்டுக் கணினிகளில் குவிகின்றன. சேகரித்தவருக்குப் பின் அவற்றைத் திறப்பவர், அவர் மனத்திலிருந்த வரிசையை அறியமாட்டார். தமிழ் அகரவரிசையும், இடம் மாறினும் அறாத இணைப்பும், ஒரு கோப்பைப் பல தலைப்புகளின் கீழ்க் காணும் வசதியும் எல்லாக் கோப்பு மேலாளர்களிலும் இயல்பாகவே அமைந்திருக்க வேண்டும். கட்டற்ற மென்பொருள் குழுக்களின் வழுப்பட்டியலில் எவரும் எழுதலாம். நாம் கேளாதவரை, அலங்காநல்லூருக்கு முன்னே அறந்தாங்கி வருவது பிழையென்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?