பிறந்த மண்ணுமா குற்றம்?

தீக்குச்சி அடுக்கியும் வெடித்திரி முறுக்கியும் மகனைப் பொறியாளனாக்கிய பெற்றோர் சிவகாசிப் பக்கம் எத்துணையோ பேர். அம்மகன் ‘எச்-1பி’ எனும் பணிநுழைவிசைவு பெற்று அமெரிக்கா செல்கின்றான். அதன் காலம் 3 ஆண்டு. நீட்டித்தால் 6 ஆண்டு. அங்கேயே நிலைத்து வாழப் ‘பச்சை அட்டை’ வேண்டும். அதற்கு வேண்டுகை விடுப்பவன் பெரும்பாலும் உழைப்பவன் அல்லன், அவனுடைய முதலாளி! முதலாளி உளங்கோணின் உழைத்தவன் நிலை என்ன?

வேண்டுகை ஏற்கப்பெற்றாலும் கதவு திறவாது. வேலைவழி வழங்கும் அட்டைகளுள், எந்த ஒரு நாட்டிற் பிறந்தோர்க்கும் பொதுவாக 7 விழுக்காடே என்கிறது 1990ஆம் ஆண்டுச் சட்டம். பெருநாட்டுக்கும் குறுநாட்டுக்கும் ஒரே அளவு! யாழ்ப்பாணத்திற் பிறந்த தமிழனுக்குக் குறுவரிசை. சிவகாசியிற் பிறந்த தமிழனுக்கோ பல்லாண்டு நீளும் ‘இந்திய’ வரிசை. கல்வி ஒன்று, உழைப்பு ஒன்று, பிறந்த மண்ணே வேறு. காத்திருப்போர்க்கு 6 ஆண்டுக்கு மேலும் பணிநீட்டிப்பு உண்டாம்; அதுவும் முதலாளி கையிலேயே! இதற்கிடையே உடன்சென்ற பிள்ளை 21 அகவை எய்தினால், பெற்றோர் வழிவரும் உரிமையையும் இழக்க நேரலாம்.

இதுவோ அறம்? உழைப்பை ஏற்கும் நாடு உழைப்பாளனையும் ஏற்றல் வேண்டும். அதுவரை, தமிழிளைஞனே, பணியொப்பந்தத்திற் கையெழுத்திடுமுன், ‘பச்சை அட்டைக்கு என்று வேண்டுகை விடுப்பீர்?’ என வினவு. விடையை எழுத்திற் பெறு! வரிசையில் உன் இடம் அந்நாளைப் பொறுத்தது.